ஸ்டோர் அண்ணனின் தூக்குவாளி

எங்கள் வீட்டு அடுப்படிப் பரணில் ஏழு வருடமாக ஒரு தூக்குவாளி கவிழ்ந்தபடி இருந்தது. எவர்சில்வர் வாளி, இரண்டு படி கொள்ளும். மூடி இறுக்கமாக உட்காரும். கைப்பிடி ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும். வாளியின் வயிற்றில் இரண்டு எழுத்துகளும், அதற்குக் கீழே ‘எழுமலை’ என்ற ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, எழுமலையில் எங்களுக்குச் சொந்தபந்தமும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி, “இது யாரு வீட்டு வாளி?” என்று கேட்டாள். கூட வேலை பார்த்த அண்ணன் வீட்டு வாளி, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அதன் பிறகு இரண்டு முறை வீடு மாறினோம். இரண்டு முறையும் அது வண்டியில் ஏறி இறங்கியது. நான் மட்டும் அதைக் கையால் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாளி வீட்டுக்கு வந்த சமயத்தில் நான் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு இருசக்கர வண்டி ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். பெயர்தான் பெரிய பெயர். காலையில் வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்து, ‘பிரேக் பிடிக்கல, சத்தம் வருது’ என்று வந்தவர் சொல்வதை ஜாப் கார்டில் எழுதிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அதே சத்தத்தோடு வண்டியை ஒப்படைத்து அவரிடம் திட்டு வாங்க வேண்டும். என் வயதுக்காரன்கூட என்னை ஏக வசனத்தில் பேசிவிட்டுப் போவான். சிரித்துக்கொண்டே “சரி சார்” என்பேன். அந்தச் சிரிப்புக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்டோர் அண்ணன் பட்டறைக்குப் பின்னால் கம்பிவலை அடித்த ஒரு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் உசிலம்பட்டி வழியாக வந்து போவார். கிளட்ச் கேபிள், செயின் செட், பல்பு, போல்ட்டு, நட்டு எல்லாம் அவர் பொறுப்பு. எந்த மெக்கானிக்காக இருந்தாலும் சீட்டு எழுதி நீட்டினால்தான் பொருள் வெளியே வரும். முதலாளியின் மச்சினன் ஒருமுறை சீட்டில்லாமல் ஒரு பல்பு கேட்டுவிட்டு, ஜன்னல் முன்னால் கால் மணி நேரம் நின்று, கடைசியில் முணுமுணுத்தபடி சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் வாங்கிப் போனார். எனக்கு மட்டும் சலுகை இருந்தது. மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிட்ட பழக்கம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. “தம்பி கேட்டா சும்மாவா கேக்கும். எடுத்துக்கிட்டுப் போ, சீட்டைப் பெறகு குடு” என்பார். பல நாள் கொடுக்க மறந்துவிடுவேன். அவரே என் பெயரில் எழுதி வைத்துக்கொள்வார்.

செல்போன் விளையாட்டு ஒன்றை அவருக்குப் பழக்கிவிட்டவன் நான்தான். சாப்பிட்ட பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் நான் செல்போனில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து, “அப்பிடி என்னதேன் இருக்கு அதுக்குள்ள?” என்று கேட்டார். விளையாட்டு இதுதான்: ஆளுக்கொரு நாடு. நகரம் கட்ட வேண்டும், வயல் போட வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும். இரும்பு, எண்ணெய், உணவு என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆடினார்கள். யார் வேண்டுமானாலும் யார்மேலும் போர் தொடுக்கலாம். ஜெயித்தால் தோற்றவன் கிடங்கில் இருப்பதை அள்ளிக்கொண்டு போகலாம். மாதக்கணக்கில் ஒருவன் சேர்த்ததை இன்னொருவன் ஒரு மத்தியானத்தில் கொண்டுபோய்விடுவான். இதற்கு ரெய்டு என்று பெயர். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். வயலும் சுரங்கமும் போட்டுப் பொறுமையாகக் காத்திருக்க எனக்கு எப்போதுமே ஆகாது.

அண்ணன் தம் நாட்டுக்கு எழுமலை என்றே பெயர் வைத்தார். அதில் உள்ள நகரங்களுக்குத் தாம் வரும் வழியில் உள்ள பஸ் நிறுத்தங்களின் பெயர்களை வரிசை மாறாமல் வைத்தார். ராணுவம் என்று நாலு டாங்கி இருந்தது, வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. ஒருநாளும் யார்மேலும் படையெடுத்ததில்லை. கிடங்கு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. புதிதாக வந்து தடுமாறுகிறவர்களுக்கு, கேட்காமலே உணவும் இரும்பும் அனுப்பிவைப்பார். அப்படி அவரிடம் வாங்கித் தின்ற பத்துப் பேர் அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னக் கூட்டணி ஆனார்கள். எங்கெங்கோ இருந்த பசங்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு நர்ஸ். யாருடைய முகத்தையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில், “நம்ம நர்ஸம்மாவுக்கு இன்னைக்கு லீவு போல, காலையிலயே வந்துருச்சு” என்று பக்கத்து வீட்டுச் செய்தி போலச் சொல்வார். அந்தப் பத்துப் பேருக்கும் வேறொரு கூட்டத்தோடு போர் வந்தபோது, தங்கள் கிடங்கில் இருந்ததை எல்லாம் அவர் நாட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். போரில் சேராதவர், நம்பிக்கையானவர், அங்கே இருந்தால் பத்திரம் என்று. ஒவ்வொருவரும் கொடுத்ததை அவர் ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். அவரிடம் யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

நான் இருந்த கூட்டம் வேறு மாதிரி. ரெய்டு ஒன்றுக்காகவே சேர்ந்தவர்கள். இங்கிலீஷில்தான் பேச்சு. அங்கே என்னைத் தளபதி என்றார்கள். ஷோரூமில் ஆயில் ஒழுகுவதற்காக ஊரே என்னை ஏசிக்கொண்டிருந்த காலத்தில், முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேர் நான் சொல்கிற இலக்குக்காகக் காத்திருந்தார்கள். கேட்கவே அற்பமாக இருக்கிறது, எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்று அந்த மரியாதை எனக்குத் தேவைப்பட்டது. நடுவில் ஒரு மாதம் என்னால் நல்ல இலக்கு ஒன்றும் காட்ட முடியவில்லை. சும்மா இருப்பவர்களைக் கழற்றிவிடப் போகிறோம் என்று தலைவன் பொதுவாக எழுதினான். அது எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த வாரம்தான் அண்ணன் பத்திரிகை வைத்தார். அவருடைய மகளுக்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வக் கோயிலில். கோயில் எழுமலையைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது, அங்கே சிக்னல் கிடையாது என்றார். மறுநாள் நான் ஸ்டோர் பக்கம் போனபோது, ஜன்னலுக்குள் இருந்தபடியே குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். “தம்பி, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் போனைப் பாக்க முடியாது. நாட்டைப் பூட்டிட்டுப் போயிரவா? பசங்க சாமான் கெடக்கே.” பூட்டு என்று ஒரு வசதி அந்த விளையாட்டில் இருந்தது. பூட்டிவிட்டால் யாரும் நம்மைத் தாக்க முடியாது. ஆனால் மூன்று நாளைக்குத் திறக்கவும் முடியாது. பூட்டாமல் இருந்தாலும் ஆள் கண்முழித்திருந்தால் பயமில்லை, யாராவது போர் தொடுத்த உடனே கிடங்கில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். நான் சொன்னேன், “ஒரு நாளைக்குப் போய் எதுக்குண்ணே பூட்டு? மூணு நாளைக்குப் பசங்க இரும்பு கேட்டா எடுத்துக் குடுக்க முடியாதுல்ல.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதேன்” என்றார். நான் சொன்னது விதிப்படி சரி. இத்தனை வருடமும் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அவர் அதைக் கேட்பதற்கு முன்பே, பத்திரிகையை வாங்கிய பத்தாவது நிமிடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கிடங்கு ஆளில்லாமல் கிடக்கும் என்று என் கூட்டத்துக்கு எழுதிவிட்டேன். என் நாட்டின் பெயர் அவருக்குத் தெரியும் என்பதால் நான் நேராக இறங்க முடியாது. வேறு ஐந்து பேர் இறங்குவது, எனக்குப் பங்கு அனுப்புவது என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து எழுமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு வேனில் கோயிலுக்குப் போனேன். பெரிய புளியமரம், அதற்கடியில் அண்டாக்கள், விறகுப் புகை. கிடா வெட்டி முடித்திருந்தார்கள். அண்ணன் பட்டுக்கரை வேட்டியில் வேர்த்து வடிய அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஷோரூமில் நான் பார்த்தே இராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், “நம்ம தம்பி, மதுரையில இருந்து வந்திருக்கு” என்று ஒவ்வொரு மாமனுக்கும் மச்சானுக்கும் காட்டினார். தாய்மாமன் மடியில் குழந்தை மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தது. ஆசாரி காதைத் தொட்டதும் அது வீறிட்டு அழ, பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். நான் மணியைப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் போன் போட வேண்டும், எங்கேயாவது சிக்னல் கிடைக்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர்தான் கையை நீட்டிக் காட்டினார். “அந்தா தெரியுது பாரு கண்மாய்க்கரை. அதுல ஏறி மடைக்கிட்ட நின்னா ஒரு கோடு கிடைக்கும்.” நான் நாலடி போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார். “தம்பி, அப்பிடியே நம்ம நாட்டையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரு.” கரையில் ஏறினேன். கண்மாயில் தண்ணீர் இல்லை, நடுவில் கருவேலமரமாக நின்றது. மடைக்குப் பக்கத்தில் அவர் சொன்னபடியே ஒரு கோடு வந்தது. ‘இப்போது’ என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். சில நிமிடங்களில் ஐந்து நாடுகளும் அவர்மேல் இறங்கியது தெரிந்தது. முதலில் அந்த நாலு டாங்கி போனது. அதைப் பார்க்க எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கீழே இறங்கி வந்தபோது அண்ணன் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “எல்லாம் நல்லா இருக்குண்ணே” என்றேன். பக்கத்தில் உட்காரவைத்து, எலும்பில்லாத கறியாகப் பார்த்துப் பார்த்து அவரே பரிமாறினார். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அண்ணன் வீட்டு மதினி அந்தத் தூக்குவாளியைக் கொண்டுவந்தார். கழுத்துவரை கறிக்குழம்பு. சில கோயில்களில் சமைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இவர்கள் கோயிலில் அந்தக் கட்டு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வர முடியவில்லை என்று சொல்லியிருந்தேன். “அம்மாவுக்குக் குடுங்க தம்பி. வாளி பத்திரம், எங்க அம்மா வீட்டுச் சீரு” என்றார் மதினி. பஸ்ஸில் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பேன்ட்டைத் தாண்டிச் சூடு தொடையில் தெரிந்தது. அம்மா இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டாள். வாளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, “வெறும் வாளியாக் குடுத்துராத. நம்ம வீட்டுல ஏதாவது செஞ்சு போட்டுத்தான் குடுக்கணும்” என்றாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அந்த வாளியில் எதைப் போட்டுக் கொண்டுபோய் அவர் முகத்தில் முழிப்பது என்று தெரியாமலேதான் ஏழு வருடம் போனது.

திங்கட்கிழமை அண்ணன் வந்தபோது முகம் கறுத்திருந்தது. “எல்லாம் போச்சு தம்பி. ஒரு மூடை உணவுகூட மிச்சம் இல்ல” என்றார். நான் ஆச்சரியப்படுவது போல ஏதோ சொன்னேன். அவர் தம்முடையது போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பத்துப் பேர் கணக்கையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். “பசங்களுக்கு என்ன பதில் சொல்றது? நீ கொஞ்சம் இங்கிலீஷ்ல எழுதிக் குடேன்.” அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்காமலே இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழந்தைக்குக் காதுகுத்து, சிக்னல் இல்லை, தவறு என்னுடையதுதான், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எல்லோருக்கும் திருப்பித் தருகிறேன் என்று. இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் போனை நீட்ட, நான் வாசித்துச் சொன்னேன். உங்கள் கதையை நம்ப முடியவில்லை, நீங்கள் இல்லாத அந்த ஒரு நாள் கொள்ளைக்காரர்களுக்கு எப்படித் தெரியும், நீங்களே பங்கு பேசி விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், கூட்டணியை விட்டு நீக்குகிறோம். ஒரு வார்த்தையை மட்டும் வாசிக்காமல் தாண்டிப் போனேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, வருடக்கணக்காக ஸ்பேர் பெட்டிகளின் மேல் உள்ள எழுத்துகளை வாசித்தவர். போன் திரைமேல் விரலை வைத்து, “இதை விட்டுட்டியே தம்பி” என்றார். திருடன் என்ற வார்த்தை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். முகம் தெரியாத பத்துப் பேருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். என் கூட்டத்தில் என் மரியாதை போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. “விடுங்கண்ணே, வெளையாட்டுதான” என்றேன். அவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பிரேக் கேபிள் வேண்டுமென்று ஜன்னலில் கையை நீட்டினேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை. “சீட்டு, தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மற்றவர்களிடம் சொல்கிற அதே குரல். அந்த மாதம்தான் புது மேனேஜர் வந்திருந்தார். அவர் போட்ட சட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அவர் வேலையை விட்டு உசிலம்பட்டியில் சொந்தமாக ஸ்பேர் கடை வைத்தார். கடை திறப்புக்கு எல்லோரையும் பொதுவாகக் கூப்பிட்டார். நான் போகவில்லை. என் ரெய்டு கூட்டம் அதற்கு முன்பே ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிட்டது. அந்தத் தலைவன் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை.

போன தீபாவளிக்கு மனைவி பரணைச் சுத்தம் செய்தபோது வாளியைக் கீழே இறக்கினாள். “இன்னுமா இதைக் குடுக்கல?” என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சுட்டு வைத்திருந்த அதிரசத்தை அந்த வாளி நிறைய அடுக்கி மூடி, என் முன்னால் வைத்தாள்.

கடை உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. “வாங்க தம்பி” என்றார். முன்பெல்லாம் ‘வா’ என்பார். டீ சொன்னார். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, “அண்ணே, அந்தக் காதுகுத்து அன்னைக்கு...” என்று தொடங்கினேன்.

“தெரியும் தம்பி” என்றார். “யாருக்கு எங்க இருந்து சாமான் வந்துச்சுன்னு எல்லாரும் பாக்குற மாதிரி ஒரு பக்கம் இருந்துச்சுல்ல. உங்க பேர்ல இரும்பு வந்திருந்துச்சு. அந்த அஞ்சு பேரும் ஆளுக்குக் கொஞ்சமா அனுப்பியிருந்தாங்க. திங்கக்கெழமை மத்தியானம். நீங்களும் நானும் உக்காந்து கடுதாசி எழுதிக்கிட்டு இருந்தமே, அந்நேரம்.”

அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஸ்டோரில் உட்கார்ந்த மனிதர் அதைத் தேடித் திறப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. “ஏண்ணே அப்பவே கேக்கல?” என்றேன்.

“கேட்டா இல்லைன்னு சொல்லுவீங்க. கரையில இருந்து எறங்கி வந்து ஒருதடவ சொன்னீங்க. இன்னொரு தடவயும் சொல்ல வைக்கணுமா?” டீயை ஒரு வாய் குடித்தார். “சாமான் போனது ஒண்ணும் இல்ல, வெளையாட்டுச் சாமான்தேன். அந்தப் பசங்க கடைசி வரைக்கும் என்னைக் களவாணின்னே நெனச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அம்புட்டுத்தேன்.”

“இப்ப எழுதுறேண்ணே. ஒவ்வொருத்தருக்கும் எழுதுறேன்.”

“எங்கிட்டு எழுதுவீங்க? ஆட்டத்தையே மூடிட்டானுகளே.”

அது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாய் சொல்லிவிட்டது. முந்தின வருடமே அந்த விளையாட்டை மூடிவிட்டார்கள். நர்ஸம்மாவும் வாத்தியாரும் எந்த ஊரில் என்ன பெயரில் இருக்கிறார்கள் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாளியைக் கல்லாமேல் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, அதிரசத்தை ஒரு பேப்பரில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெட்டியிருந்த எழுத்துகளைத் துண்டால் துடைத்தார். “உங்க மதினி ரொம்ப நாளு தேடுனா. யாருகிட்டக் குடுத்தேன்னு மறந்துபோச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன்” என்றார்.

நான் எழுந்தபோது, “இருங்க தம்பி” என்று பில் புத்தகத்தை எடுத்தார். குனிந்து நிதானமாக எழுதி, தாளைக் கிழித்து நீட்டினார். ‘தூக்குவாளி ஒன்று, மூடியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. எதற்கு என்று கேட்பதற்குள் அவரே சொன்னார், “பொருள் வந்தா சீட்டுக் குடுக்கணும்ல. பழக்கம்.” கோபம் இல்லை, கிண்டலும் இல்லை.

பரணில் அந்த இடத்தில் மனைவி இப்போது இட்லிப் பானையை வைத்திருக்கிறாள். சீட்டு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றிக்கொள்கிறேன். சீட்டைப் பெறகு குடு என்று என்னிடம் மட்டும் சொன்ன மனிதர் எழுதிக் கொடுத்தது.